ஷூ அலமாரியும் சராசரி ஆளும்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ஏற்கெனவேயார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. காப்புரிமை அலுவலகத்தில் அவர் மூத்த பரிசோதகர். எவனாவது ஒருவன், 'நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன், வேறு யாரும் இதைச் செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள்' என்று விண்ணப்பம் போட்டால், அது நிஜமாகவே புதிதுதானா என்று தோண்டிப் பார்த்துச் சொல்வது அவர் உத்தியோகம். தோண்டுவார். பழைய விண்ணப்பங்கள், பழைய சஞ்சிகைகள், எந்த நாட்டிலோ எந்தக் காலத்திலோ எவனோ கிறுக்கிவைத்த வரைபடங்கள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இது ஏற்கெனவே இருக்கு" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டவன்கூட அப்படி ஏப்பம் விடமாட்டான்.

கண்டுபிடிப்பாளர்கள் என்றாலே அவருக்கு இளக்காரம். குடைக்குள் விசிறி வைத்தவன், சீப்புக்குள் விளக்கு வைத்தவன், தலையணைக்குள் கடிகாரம் வைத்தவன், இந்த மூன்று பேரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டினால் சாயங்காலத்துக்குள் நாலாவதாக ஒரு கண்றாவியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று டீ மெஷின் பக்கத்தில் நின்று சொல்வார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர் நகர்ந்த பிறகு, இவர் இதுவரை என்னத்தைக் கண்டுபிடித்துக் கிழித்தார் என்று இன்னொரு முறை சிரிப்பார்கள். இரண்டாவது சிரிப்பு அவர் காதுக்கு எட்டியதில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். பால்கனியில் துணிக்கொடியை இப்படி மாற்றிக் கட்டலாமே என்று மனைவி சொன்னால், ஏற்கெனவே இருக்கு. பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள், சாய்த்து வைத்துப் படிக்கிற மாதிரி ஒரு மேசையை வரைந்து ஆசை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். மனுஷன் அதை வாங்கிப் பார்த்தார். மறுநாள் அலுவலகத்திலிருந்து அதே மாதிரி மேசையின் பழைய வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பெற்ற பிள்ளையிடம் எவனாவது இப்படிச் செய்வானா? செய்தார். அதற்குப் பிறகு அவள் எதையும் காட்டுவதில்லை. அப்பா வருகிற சத்தம் கேட்டால் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

இவருடைய தொழிலுக்கு ஆதாரமாக ஓர் ஆள் உண்டு. ரத்தமும் சதையுமான ஆள் இல்லை. சட்டம் கற்பனை செய்துவைத்த ஆள். 'துறையில் சராசரித் தேர்ச்சி உள்ள ஒருவர்' என்று சட்டம் அவனைச் சொல்லும். அந்த ஆள் அதுவரை வெளியான எல்லாவற்றையும் படித்திருப்பான். கைவேலையும் தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு யோசனை தோன்றாது. கற்பனை என்பதே மருந்துக்கும் கிடையாது. பழையதையும் பழையதையும் ஒட்டவைத்து அந்த ஆளே ஒரு சாமானைச் செய்துவிட முடியும் என்றால் அதற்குக் காப்புரிமை இல்லை. அவனால் முடியாது என்றால் உண்டு. ஏற்கெனவேயாருக்கு அவனை நினைத்தாலே கேவலமாக இருக்கும். இத்தனை படித்தும் ஒன்றும் தோன்றாத ஜென்மம். ஆனாலும் அந்த ஜென்மத்தை வைத்துத்தான் அவர் அத்தனை பேரையும் அடித்துத் துரத்தினார். இவனே செய்துவிடுவானே, நீ என்ன பெரிய இவனா என்பதுதான் அவர் எழுதிய அத்தனை மறுப்புகளுக்கும் சாரம்.

இவ்வளவு திட்டிவிட்டு, இருக்கிற ஒரு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் எழுத்தில் பொய் சொல்லமாட்டார். வாயால் யாரையும் எப்படியும் மட்டம் தட்டுவார்; ஆனால் கையெழுத்துப் போடுகிற தாளில் தான் நம்பாத ஒரு வரி இருக்காது. அதனாலேயே அவர் மறுத்தது எதுவும் மேல்முறையீட்டில் உடைந்ததில்லை. அந்தப் பெருமையை நெஞ்சில் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தார்.

இந்தச் சமயத்தில் தலைமைப் பரிசோதகர் அம்மாள் ஓய்வு பெறப் போகிறார் என்று ஆயிற்று. அவருடைய நாற்காலிக்கு இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒருவர் நம்மவர். இன்னொருவர் அடுத்த அறைக்காரர், பட்டப்பெயர் தாராளம். வந்தவனுக்கெல்லாம் உரிமை கொடுத்து அனுப்புகிற மனுஷன். வாசலில் கட்டிய நாய்க்குட்டி விண்ணப்பம் போட்டாலும் படித்துப் பார்த்து நன்றாக இருக்கிறதே என்பார் என்று ஏற்கெனவேயார் சொல்லிக்கொண்டு திரிந்தார். தாராளத்தின் கீழ் வேலை பார்க்க நேர்ந்தால் உத்தியோகத்தையே விட்டுவிடுவேன் என்று வீட்டிலும் சொல்லியிருந்தார். மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்த ஷூ அலமாரி வந்து சேர்ந்தது.

'பாதணிகளை உலர்த்திப் பாதுகாக்கும் அலமாரிச் சாதனம்' என்று தலைப்பு. போட்டவர் ஒரு பல் டாக்டர். பல் டாக்டர் பல்லைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் காலுக்கு ஏன் இறங்கி வந்தார் என்று ஏற்கெனவேயார் முதல் பக்கத்திலேயே நொடித்துக்கொண்டார். விண்ணப்பமும் அந்த நொடிப்புக்கு ஏற்ற மாதிரியேதான் இருந்தது. தன்னிடம் எத்தனை வகை ஷூ இருக்கிறது, ஒவ்வொன்றையும் எப்படிக் காப்பாற்றுகிறார், மழைக்காலத்தில் அவை படும் பாடு என்ன என்று டாக்டர் பக்கம் பக்கமாகப் பீற்றிக்கொண்டிருந்தார். ஒரு வரைபடத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். அந்த ஆளுக்குப் பல்லெல்லாம் வரிசையாக இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். நனைந்த ஷூவைக் காயவைக்க எல்லாரும் சூடான காற்றை ஊதுகிறார்கள். டாக்டர் ஊதவில்லை, உறிஞ்சினார். அலமாரிக்குள் ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு மெல்லிய குழாய். அது ஷூவுக்குள் விரல் முனை வரைக்கும் நுழைந்து, அங்கிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். வெளிக்காற்று ஷூவின் வாய் வழியாக உள்ளே போய் அதன் நீளம் முழுக்க நடந்து வந்தாக வேண்டும். சூடு கிடையாது. நாற்றம் பின்னால் இருக்கிற கரி அடைத்த பையில் தங்கிவிடும். பல் பிடுங்கும்போது வாயில் எச்சிலை உறிஞ்ச ஒரு குழாய் தொங்கவிடுவார்களே, அதிலிருந்து தோன்றியது என்று டாக்டரே எழுதியிருந்தார்.

எது தன் கண்டுபிடிப்பு என்று விண்ணப்பக்காரர் வரிசையாகச் சொல்ல வேண்டிய பகுதிக்குக் கோரிக்கைகள் என்று பெயர். முதல் கோரிக்கை, உறிஞ்சும் அலமாரி. இரண்டாவது, கரிப்பை. மூன்றாவது, குழாயின் நுனியை மூடிவிட்டு, துளைகளைப் பக்கவாட்டில் சரிவாகப் போட்டிருக்கிறது என்பது. ஏற்கெனவேயார் மூன்றாவதைப் படித்தபோது கொட்டாவி விட்டார்.

தோண்டியதில் இரண்டு ஆவணங்கள் அகப்பட்டன. ஒன்று, அடியிலிருந்து சூடான காற்றை ஊதும் பழைய ஷூ அலமாரி. இன்னொன்று, தீயணைப்பு வீரர்களின் ஈர உடுப்புகளைத் தொங்கவிட்டுப் பின்பக்கமாகக் காற்றை இழுக்கும் பெட்டி. அப்புறம் என்ன? அதிலிருக்கிற விசிறியைக் கழற்றி இதில் மாட்ட வேண்டியதுதானே. 'இரு ஆவணங்களும் கையில் இருந்தால் சராசரித் தேர்ச்சி உள்ள எவரும் இச்சாதனத்தை எளிதில் செய்துவிடுவார். பக்கவாட்டுத் துளைகள் வெறும் அலங்காரம்' என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

டாக்டரிடமிருந்து பதில் வந்தது. பொங்கியிருந்தார். கடைசி வரியில், அவ்வளவு எளிது என்றால் பரிசோதகரின் அந்தச் சராசரி ஆளை ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள், நான் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று சவால் வேறு விட்டிருந்தார். நேர் விசாரணையும் கேட்டிருந்தார்.

தலைமை அம்மாள் ஏற்கெனவேயாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அதிகம் பேசமாட்டார்; பேசினால் அளந்துதான் பேசுவார். விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார். அது முடிந்த கையோடு நாற்காலிக்கான பெயரை மேலே எழுதி அனுப்பப் போவதாகவும், தாராளத்தை வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் தேவைப்படுவதாகவும், இந்த மறுப்பு உடையாமல் நின்றுவிட்டால் அந்தக் காரணம் கிடைத்த மாதிரி என்றும் சொன்னார். பிறகு அறிக்கையைத் தட்டிக் காட்டினார்.

"இந்த 'எளிதில்' இருக்கே, அது கொஞ்சம் தொக்கி நிக்குது. நல்லா முட்டுக் குடுத்துட்டு வாங்க."

தன் வரி தொக்கி நிற்கிறதா? ஏற்கெனவேயாருக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. ஒரு பல் பிடுங்கி சவால் விடுகிறான், அம்மாள் முட்டுக் கொடு என்கிறார். முட்டு என்ன முட்டு, செய்தே காட்டிவிட்டால் போயிற்று. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டார். அந்த இரண்டு ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டு, டாக்டரின் விண்ணப்பத்தைத் தொடாமல், வீட்டிலேயே அந்த அலமாரியைச் செய்வது. செய்ததைப் படம் பிடித்துக்கொண்டு போய் விசாரணை மேசையில் போடுவது. போட்டுவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, அந்த வார்த்தையைச் சொல்வது.

இங்கேதான் இந்த ஜாதி மனுஷர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார். வாழ்நாள் முழுக்கத் தாளையும் தாளையும் ஒட்டியவருக்குச் சாமானும் சாமானும் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பு. வீட்டில் பல்பு மாற்றுவதற்குக்கூட மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாள்.

நல்ல மழைக்காலம். வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்த செருப்பு அலமாரியைக் காலி பண்ணினார். அதில் இருந்ததெல்லாம் கூடத்தில் குவிந்தது. சமையலறையிலிருந்து எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றினார். கழற்றிய இடத்தில் ஓட்டை விழுந்து சாரல் அடித்தது. மனைவி எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள். அலுவலக விஷயம் என்றார். அலுவலகத்தில் ஃபேன் இல்லையா என்று அவள் கேட்டாள்.

அலமாரியின் முதுகில் ஓட்டை போட்டு ஃபேனைப் பொருத்தினார். மகளின் நனைந்த விளையாட்டு ஷூவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டார். ஃபேன் ஓடியது. ஓடியதில் குறையே இல்லை. காலையில் திறந்து பார்த்தால் ஷூவுக்குள் ஈரம் வைத்தது வைத்தபடி இருந்தது. காற்றுக்கு என்ன தலையெழுத்தா, ஷூவுக்குள் போய் வளைந்து வர? கதவிடுக்கில் நுழைந்து நேரே முதுகு வழியாக வெளியேறிவிட்டது. போகிற போக்கில் நாற்றத்தை மட்டும் அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குப் போயிருந்தது. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஈர ஷூவோடு பள்ளிக்கூடம் போனாள்.

சரி, காற்றை ஷூவுக்குள் கொண்டுபோக வேண்டும். குழாய் வேண்டும். குழாய் என்பது டாக்டரின் விண்ணப்பத்தில் இருப்பதாயிற்றே, அதைத் தொடக்கூடாதே என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, குழாய் எல்லாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று தன்னைத்தானே மன்னித்துக்கொண்டார். வாக்குவம் கிளீனரின் குழாயை எடுத்து ஷூவின் விரல் முனை வரைக்கும் நுழைத்து முடுக்கினார். அடுத்த நொடியே உள்ளே கிடந்த மெத்தை அட்டையை அது கவ்விக்கொண்டது. காற்று நின்றது. மோட்டார் கழுத்தை நெரித்த மாதிரி கத்தியது. இழுத்தால் அட்டை கிழிந்து குழாயோடு வந்தது. குழாயைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். ஷூவின் மேல் தோலைக் கவ்வியது. சாய்த்துப் பிடித்தார், பக்கத் துணியைக் கவ்வியது. எங்கே வைத்தாலும் அந்தச் சனியன் எதையாவது கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இதற்கு என்ன வழி என்று குந்தி உட்கார்ந்து யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தார். உலகத்தில் வெளியான உலர்த்தும் சாதனங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. எந்த வருஷம், யார் போட்டது, எத்தனை படம் என்பது வரைக்கும் வந்தன. சொந்தமாக ஒன்றே ஒன்று தோன்ற வேண்டுமே, ம்ஹூம்.

மகள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் பொறுமை போய்விட்டது. உறிஞ்சுவது போதவில்லை, முதல் ஆவணத்தில் இருக்கிற சூட்டையும் சேர்த்துக்கொள்வோம் என்று மனைவியின் ஹேர் டிரையரை எடுத்தார். மகளின் ஷூவைத் தரமாட்டேன் என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். தன் தினசரி ஷூவோ மழையில் ஊறிக் கிடந்தது. அந்த முதல் ஆவணமோ நல்ல தோல் ஷூவை வைக்கச் சொல்லியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல தோல் ஷூ, நாற்காலி கிடைத்தால் போட்டுக்கொண்டு உட்கார அவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த கறுப்பு ஜோடிதான். அதில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றினார். பின்பக்கம் ஃபேனையும் அடியில் டிரையரையும் ஓடவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஷூ காய்ந்தது. அதில் சந்தேகமே இல்லை. தோல் அப்பளமாக விறைத்தது. அடியில் பசை இளகி, வலது ஷூவின் சோல் நடுவிலிருந்து முன்பக்கம் வரைக்கும் விட்டுப்போயிற்று. கையில் எடுத்ததும் அது வாயைப் பிளந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் தினசரி ஷூ ஈரமாகவே இருந்தது. விசாரணை அறைக்குச் செருப்போடு போக முடியாது. மகளின் பசைக் குப்பியை வாங்கிக் கறுப்பு ஷூவின் சோலை ஒட்டி, காலை அழுத்தி வைத்து வைத்து நடந்து அலுவலகம் போனார். படியேறும்போது பசை விட்டுவிட்டது. விசாரணை அறையில் நீள மேசைக்கு அடியில் வலது காலை இடது காலுக்குப் பின்னால் ஒளித்துவைத்து உட்கார்ந்துகொண்டார்.

எதிரே டாக்டர் வந்து உட்கார்ந்தார். ஷூ பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. மனுஷனுக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. தன் கிளினிக்கைப் பற்றி, தன் கைராசியைப் பற்றி, தன்னிடம் பல் கட்டிக்கொண்ட பெரிய மனிதர்களைப் பற்றியெல்லாம் அவிழ்த்துவிட்டார். ஏற்கெனவேயார் பேசும்போது டாக்டர் அவர் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கடைவாய்ப் பல் சொத்தை என்பது ஏற்கெனவேயாருக்கே தெரியும். அதனால் உதட்டைத் திறக்காமல் பேசிப் பார்த்தார். பேச்சு பாதி காற்றாகப் போயிற்று.

பேசிக்கொண்டே இருக்கையில் டாக்டரின் பேனா மூடி உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"சார், அந்த வலது கால் ஷூ. அது மழையில விட்ட சோல் இல்லை. மழைன்னா ஓரத்துலேர்ந்து பிரியும். இது நடுவுலேர்ந்து விட்டிருக்கு, சூட்டுல பசை இளகி விட்டது. யாரு சார் இதுக்குள்ள சூட்டுக் காத்தை ஊதினது?"

தலைமை அம்மாள் மேசையில் கிடந்த அறிக்கையைத் திருப்பி ஏற்கெனவேயாரின் பக்கம் நகர்த்தினார். மறுப்பில் உறுதியாக இருப்பதாகப் பரிசோதகர் விசாரணையின் முடிவில் கையெழுத்துப் போட வேண்டும், அது வழக்கம். போட்டுவிட்டால் மறுப்பு நிற்கும், நாற்காலி வரும். டாக்டர் மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டியதுதான். ஷூவுக்கு என்ன, பெண்டாட்டி காயவைத்தாள் என்று சொன்னால் முடிந்தது.

பேனாவை எடுத்தார். கையெழுத்துக்கு மேலே அந்த வரி நின்றது. 'சராசரித் தேர்ச்சி உள்ள எவரும் இச்சாதனத்தை எளிதில் செய்துவிடுவார்.' எளிதில். கூடத்தில் குவிந்து கிடந்த செருப்புகளும், அட்டையைக் கவ்விக்கொண்டு கத்திய குழாயும், குந்தி உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் கண் முன்னால் வந்தன. இத்தனை வருஷம் பொய் எழுதாத கை, இந்தக் கேவலமான ஷூ அலமாரிக்காகவா எழுத வேண்டும்? பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு ஆள்கிட்ட குடுத்துப் பார்த்தேன், மேடம். ரெண்டு ஆவணமும் குடுத்தேன், சாமான் எல்லாம் குடுத்தேன், வேணுங்கிற அளவுக்கு நேரமும் குடுத்தேன். அவனால முடியலை."

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டம் அவருக்கும் தெரியும்.

"ஆள் சராசரிக்குக் கீழே இருந்தா செல்லாது. தெரியும்ல?"

"தெரியும். கீழே இல்லை, மேடம். சரியா சராசரி."

"துறையில வெளியானதெல்லாம் படிச்சிருக்கானா?"

"ஒண்ணு விடாம."

"கற்பனை?"

"துளிகூடக் கிடையாது. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"யாரு அந்த ஆளு?"

ஏற்கெனவேயார் ஒளித்துவைத்திருந்த வலது காலை முன்னால் கொண்டுவந்து நேராக வைத்தார். சோல் தரையில் பட்டென்று ஒரு சத்தம் போட்டது.

"நான்தான்."

பேசிக்கொண்டே இருந்த பல் டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாக வாயை மூடினார். அம்மாள், எங்கே சிக்கியது என்று கேட்டார். குழாயை எங்கே வைத்தாலும் அது ஷூவின் உள்பக்கத்தைக் கவ்விக்கொண்டது என்று ஏற்கெனவேயார் சொன்னார். டாக்டர் சட்டைப் பையிலிருந்து எச்சில் உறிஞ்சும் குழாய் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நுனி மூடியிருந்தது, பக்கவாட்டில் சரிவாகத் துளைகள். நாக்கைக் கவ்வாமல் இருப்பதற்காக அப்படி என்றார். அந்தத் துளையைத்தான் ஏற்கெனவேயார் அறிக்கையில் வெறும் அலங்காரம் என்று எழுதிவிட்டு அதோடு மறந்திருந்தார். மூன்றாம் கோரிக்கையை முதலாவதோடு சேர்த்து எழுதிக் கொடுத்தால் சம்மதமா என்று அம்மாள் கேட்டார். டாக்டருக்குச் சம்மதம். உரிமை கொடுக்கலாம் என்று ஏற்கெனவேயார் தன் கையாலேயே எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. ஆனால் பொய் இல்லை.

டாக்டர் போகும்போது தன் விலாச அட்டையை நீட்டி, அந்தக் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் காட்டுங்கள் சார், இன்னும் நாள் கடத்தினால் தேறாது என்றார். வெற்றியிலும் தொழிலை விடவில்லை பாருங்கள்.

அறை காலியானதும் அம்மாள் கோப்பை மூடினார். தன் மறுப்பைத் தானே உடைத்தவர் என்று மேலிடத்தில் கேட்பார்களே, நான் என்ன சொல்ல என்று மட்டும் கேட்டார். மத்தியானமே தாராளத்தின் அறைக்கு முன்னால் வாழ்த்துச் சொல்லக் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏற்கெனவேயார் அந்தப் பக்கம் திரும்பாமல், வலது காலைத் தேய்த்துத் தேய்த்துத் தன் இடத்துக்குப் போனார்.

பஸ்ஸில் வரும்போது மனசு ரொம்ப நொந்திருந்தது. ஆனால் பாதி வழியில் ஒரு நினைப்பு வந்தது. அந்த அலுவலகம் ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ பரிசோதகர்கள் இருந்திருப்பார்கள். எவனாவது, அந்தச் சராசரி ஆள் நான்தான் என்று சொல்லியிருக்கிறானா? எந்தத் தீர்ப்பிலும் இல்லை. எந்த சஞ்சிகையிலும் இல்லை. தோண்டித் தோண்டிப் பார்த்தார், முன்னால் ஒருவரும் சொன்னதாக ஞாபகம் வரவில்லை. அப்படியென்றால் இது புதிது. முழுக்கப் புதிது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தானும் ஒன்றை உலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. நாற்காலி போனால் போகட்டும்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது செருப்பு அலமாரி பழையபடி நின்றது; முதுகில் இருந்த ஓட்டையை அட்டையால் அடைத்திருந்தார்கள். ஃபேன் சமையலறைக்குத் திரும்பிப் போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் ஏதோ வரைந்துகொண்டிருந்தவள், அவரைக் கண்டதும் காகிதத்தைக் கவிழ்த்தாள்.

வாய் பிளந்த ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் குனிந்ததை, அம்மாள் கேட்டதை, தான் பேனாவைக் கீழே வைத்ததை. நாற்காலி போனதையும் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, எல்லார் முன்னாலும், அந்தக் கற்பனையே இல்லாத சராசரி ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டேன் என்றார். சொல்லிவிட்டு, பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. நிமிரவும் இல்லை.

"இதுல என்னங்க புதுசு? இது ஏற்கெனவே இருக்குற விஷயம்தானே."

மகள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஏற்கெனவேயார் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். எதை வைத்து மறுப்பது என்று தேடிப் பார்த்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை.